கழுதை கூட்டிய கூட்டம்

— கேட்டுக்கோ வாத்தியாரே, அமெரிக்கா பூராவும் ஊருக்கு ஒரு கவுன்சில் இருக்கு. பாதிரியார் ஜெபம் பண்ணிக் கூட்டம் தொடங்கினது உண்டு, பிஷப் வந்து தொடங்கினது உண்டு. ஆனா ஒரு கழுதை ஜெபம் பண்ணி, அதே கழுதை ஆமென்னும் சொல்லிக் கூட்டம் தொடங்கினது நம்ம வில்லோ பெண்ட்ல மட்டுந்தான். அந்தக் கழுதையோட கயித்தைப் பிடிச்சிட்டு நின்னவன் இந்த ஆர்வில் ஸ்டட்ஸ்!

— ஆர்வில், ரோட்டைப் பாரு.

— ரோடு எங்கயும் ஓடிடாது. என் உத்தியோகம் முழுக்க இதே ரோட்டுல பனி தள்ளினவன் நான். கண்ணை மூடிட்டுக்கூட ஓட்டுவேன்.

— திறந்துக்கிட்டே ஓட்டு. ஐஸ் பிடிச்சிருக்கு. அப்புறம், கழுதைக்குப் பேச்சு வராது. ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் உயிரியல் சொல்லிக் கொடுத்தவன் சொல்றேன். அதோட தொண்டை அமைப்பு வேற.

— டல்சி தொண்டையைப் பத்தி உனக்கு என்னய்யா தெரியும்? அன்னைக்கு அவ கத்தின கத்துல டவுன் ஹால் கூரை மேல கிடந்த பனி மொத்தமும் பெயர்ந்து மேயரம்மா கார் மேல விழுந்துச்சு. கார் முழங்கால் ஆழம் பூமிக்குள்ள போயிடுச்சு. கிரேன் வச்சுத்தான் தூக்கினோம்.

— மேயரோட கார் அன்னைக்கு ஒர்க்‌ஷாப்ல இருந்தது. நானும் அந்த ஹால்லதான் இருந்தேன்.

— இருந்தியா? அப்பாடா! அதை நீ வாயால ஒத்துக்கிட்டதே பெருசு. இன்னைக்கு ஜட்ஜ் உன்கிட்ட கேட்கப் போறது அதைத்தான்.

— இருந்தேன்னுதான் சொன்னேன். கேட்டேன்னு சொல்லலை.

— சரி சரி. டோனட்டை எடுத்துக்கோ. நேத்து வாங்கினது, ஆணி அடிக்கலாம். காப்பில முக்கினா இறங்கும்.

— ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டேன்.

— கூட்டித்தான் வச்சிருக்கு. அது இருமற சத்தம் கேட்கலை? இந்த வண்டிக்கும் நமக்கும் ஒரே வயசு. ...அதோ பாரு வாத்தியாரே. இடது பக்கம். நம்ம பாலம்.

— பார்க்க வேணாம்.

— பாரேன். ஆரஞ்சு பீப்பாயை வரிசையா நிறுத்தி, "வழி இல்லை"ன்னு போர்டு மாட்டி, சும்மா நிக்குது. அந்தக் கரையில கோர்ட் மணிக்கூண்டு. பக்கத்துல உன் வீட்டுக்காரி ஐரின் இருக்கற காப்பகம். நல்ல கையா இருந்தா ஒரு கல்லை விட்டு அவ ஜன்னலை உடைக்கலாம். ஆனா போய்ச் சேர நாப்பது மைல் சுத்தணும். மோசே அன்னைக்கு ஜனங்களை வனாந்தரத்துல சுத்தினதுகூட இவ்வளவு இல்லை.

— அடியில தூண் இத்துப் போச்சு. மூடாம என்ன செய்வாங்க? மூடினது தப்பில்லை. சரி பண்ணாததுதான் தப்பு.

— யாரு சரி பண்ண விட்டா? நான் ஒண்ணும் சொல்லலைப்பா. நான் வெறும் டிரைவர்.

— சொல்லிடு. ஊரே சொல்லுது. என் தபால் பெட்டி மேல முட்டை அடிச்சுச் சொல்றாங்க. நீயும் சொல்லு.

— நான் ஏன் முட்டை அடிக்கப் போறேன்? முட்டை விக்கிற விலைக்கு! ...ஆனா வெண்டல், நீ அந்தக் கேஸைப் போடாம இருந்திருந்தா இந்நேரம் பாலத்து மேல லாரி ஓடிட்டிருக்கும். இதை மட்டும் சொல்லிக்கறேன்.

— கேஸ் போட்டது ஜூன்ல. பாலம் மூடினது செப்டம்பர்ல. எனக்கு என்ன ஜோசியமா தெரியும்?

— தெரியாதுதான்.

— நான் கேட்டது என்ன? ஊர் வேலை பார்க்கற இடத்துல ஜெபம் வேண்டாம்னு கேட்டேன். வீட்டுல பண்ணு, சர்ச்சுல பண்ணு, உன் லாரில பண்ணு. குடிதண்ணியும் சாக்கடையும் பேசற இடத்துல எதுக்கு? நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி மீசை வச்ச நாலு பேர் எழுதி வச்சிட்டுப் போயிட்டாங்க: ஜெபம் சொல்லி, யாராவது ஆமென் சொன்னாத்தான் கூட்டம் கூடினதா அர்த்தம்னு. சொல்லலைன்னா கூட்டமே இல்லை, ஓட்டும் செல்லாது. இப்படி ஒரு விதி எந்த ஊர்லயாவது உண்டா?

— விதியை மாத்துங்கன்னு கவுன்சில்ல கேட்டிருக்கலாமே.

— கேட்டேனே! விதியை மாத்தணும்னா கூட்டம் கூடணும். கூட்டம் கூடணும்னா ஜெபம் பண்ணணும்.

— அட, ஆமா. அது ஒண்ணு இருக்கு. நாய் தன் வாலைத் துரத்தின கதை.

— அதனாலதான் கோர்ட்டுக்குப் போனேன். அந்த மத்திய கோர்ட் ஜட்ஜ் என்ன பண்ணாரு? விதி செல்லுமா செல்லாதான்னு மேல் கோர்ட் சொல்லட்டும், அதுவரைக்கும் ஜெபம் நடக்கட்டும், ஆனா ஒரே மதத்துக்காரங்க மட்டும் பண்ணக் கூடாது, கேட்கற எல்லாருக்கும் முறை வச்சுக் கொடுங்கன்னுட்டாரு.

— அங்கதான் பிடிச்சது சனி! கேட்டுக்கோ. அக்டோபர்ல பாப்டிஸ்ட் போதகர் முறை. மனுஷன் இதுதான் கடைசி வாய்ப்புன்னு நினைச்சாரோ என்னவோ, ஆதியில தொடங்கி அந்தத்துக்கு வர்றதுக்குள்ள எனக்கு ரெண்டு தடவை தாடி முளைச்சுச்சு. நடுவுல உன் பேரைச் சொல்லி, "இந்த ஊரைக் கெடுக்க வந்தவன்"னாரு. மெத்தடிஸ்ட், லூத்தரன், கத்தோலிக்கக் கவுன்சிலருங்க எல்லாரும் கோட்டை மாட்டிட்டு வெளிய போயிட்டாங்க.

— எனக்காகவா போனாங்க? இல்லை. அடுத்த முறை தங்களுக்கு வரலைன்னு போனாங்க.

— எதுக்கோ போனாங்க. பாதிப் பேர் இல்லைன்னா ஓட்டு இல்லை. பாலம் அடுத்த மாசத்துக்குப் போச்சு. நவம்பர்ல அந்தக் கல்லூரிப் பையன் வந்தான். சாத்தான் சங்கம்னு எழுதிக் கொடுத்திருந்தான். கறுப்பு அங்கி, தலையில கொம்பு. கொம்பு ரெண்டும் உத்தரத்துல இடிக்கற உயரம்!

— கொம்பு இல்லை, ஆர்வில். சும்மா ஒரு கறுப்புத் துணி போட்டிருந்தான். சளி வேற பிடிச்சிருந்தது அவனுக்கு.

— கொம்பு இருந்துச்சுன்னு சொன்னாத்தானே கதை நல்லாருக்கு. ஆனா ஒண்ணு, அந்தப் பையன் பண்ணின ஜெபந்தான் எல்லாத்தையும்விட அடக்கம். "எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் இரக்கமா இருங்க"ன்னான். வீட்டுல சுட்ட பிஸ்கட் வேற கொண்டு வந்திருந்தான். அதைச் சாப்பிட ஹால்ல யாரு இருந்தா? நானும் நீயும்.

— பிஸ்கட் நல்லா இருந்தது.

— நரகத்துக்கே போனாலும் அந்த பிஸ்கட்டுக்காகப் போகலாம். ஆனா பாலம் டிசம்பருக்குப் போச்சு. மாநிலம் தர்றேன்னு சொன்ன பணத்துக்கு வருஷக் கடைசிதான் கெடு. டிசம்பர் கூட்டத்தை விட்டா போச்சு, அந்தப் பணம் வேற ஊர்ப் பாலத்துக்கு.

— எனக்குத் தெரியாதா அது?

— தெரியும். உன்னைவிட யாருக்குத் தெரியும்? ...ஐரினுக்கு இன்னைக்கு ரத்தம் சுத்தம் பண்ற நாளா?

— நேத்து. வாரம் மூணு தடவை. பாலம் திறந்திருந்தப்ப போக பத்து நிமிஷம், வர பத்து நிமிஷம். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுல இருப்பா. இப்ப இந்த நாப்பது மைல் போய் வர அவ உடம்பு தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. எனக்குக் கண்ணுல புரை, லைசென்ஸைப் பிடுங்கிட்டாங்க. காப்பகத்துல ஒத்தைக் கட்டில்தான். புருஷனுக்கு இடமில்லை.

— வாரம் ஒரு தடவை நான் கூட்டிட்டுப் போறேனே.

— போற. நன்றி சொன்னேனா?

— இல்லை. சொல்லித் தொலைச்சிடாதே, கைல பிடிக்கிற ஸ்டீயரிங் நழுவிடும். ...வெண்டல், ஒண்ணு கேட்கணும். உன் படுக்கை ரூம்ல இப்பல்லாம் விடிய விடிய லைட் எரியுதே, ஏன்? எதுத்த வீட்டுக்காரன் பாரு, கண்ணுல படுது. மின்சாரக் கம்பெனிக்காரன் உன் படத்தை ஃப்ரேம் போட்டு மாட்டிருக்கானாம்.

— அது ஒண்ணுமில்லை.

— ஒண்ணுமில்லாததுக்கா விடிய விடிய எரியுது?

— ...ஐரின் ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஜெபம் பண்ணுவா. உனக்குத் தெரியும், அவ சர்ச்ல ஆர்கன் வாசிக்கறவ. கல்யாணம் ஆன அன்னைக்கே பேசி வச்சுக்கிட்டோம். அவ ஜெபத்துல நான் தலையிட மாட்டேன், என் அவநம்பிக்கையில அவ தலையிட மாட்டா. அவ கட்டில்ல உட்கார்ந்து கண்ணை மூடிப்பா. நான் பேப்பரை வச்சுட்டுக் காத்திருப்பேன். ஆமென்னு சொல்லுவா. நான் விளக்கை அணைப்பேன். அவ்வளவுதான். நாப்பத்தேழு வருஷமா அதுதான் எங்களுக்கு ராத்திரி.

— சரி.

— இப்ப எப்ப அணைக்கறதுன்னு தெரியலை.

— ...

— சிரி. ஊர்ல போய் சொல்லு. நாத்திகன் ஆமென்னுக்குக் காத்துட்டு உட்கார்ந்திருக்கான்னு.

— நான் எங்கய்யா சிரிச்சேன்? பல்லுல டோனட் மாட்டிருச்சு.

— ரோட்டைப் பாரு.

— பார்க்கறேன். ...எதுக்குப்பா இந்தக் கேஸ் உனக்கு? அப்படிப்பட்டவளோட ஒரு ஜென்மம் குடும்பம் நடத்திருக்க. ஜெபம் உன்னைக் கடிச்சதா என்ன?

— அவளோட ஜெபம் என்னைக் கடிக்கலை. அவ என்னை எழுந்து வெளிய நில்லுன்னு சொன்னதில்லை.

— யாரு சொன்னா?

— மூணாம் வகுப்பு டீச்சர். எங்க அப்பா சர்ச்சுக்குப் போகாதவர். "என் பையன் ஜெபத்துல நிக்க வேண்டாம்"னு ஒரு வார்த்தை சொல்லிட்டு அவர் பாட்டுக்கு வேலைக்குப் போயிட்டார். காலையில மணி அடிச்சதும் டீச்சர் கதவைத் திறந்து, "வெண்டல், வராந்தா"ன்னுவாங்க. திட்டலை, அடிக்கலை. வெறும் "வராந்தா". நான் கோட்டு மாட்டற கொக்கிகளுக்குக் கீழ நிப்பேன். உள்ள முப்பது பிள்ளைங்க ஒரே குரல்ல ஆமென்னு சொல்லும். அப்புறம் கதவைத் திறப்பாங்க. நான் உள்ள போறப்ப எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பாங்க. அப்புறம் வாஷிங்டன்ல பெரிய கோர்ட் பள்ளிக்கூடத்துல அது கூடாதுன்னுச்சு. ஆனா அதுக்குள்ள நான் வளர்ந்துட்டேன்.

— இதை நீ எனக்குச் சொன்னதே இல்லை.

— நீ பேசறப்ப நடுவுல இடம் கிடைச்சதில்லை.

— அதுவும் சரிதான்.

— அந்த ஹால்ல இன்னைக்கும் யாரோ ஒரு பிள்ளை, ஏதோ ஒரு குடும்பம், தண்ணிக் குழாய் ரிப்பேருன்னு மனு கொடுக்க வரும். ஜெபம்னதும் ஊரே தலை குனியும். குனியாதவங்களை ஊரே பார்க்கும். அது வராந்தாதான், ஆர்வில். கதவு மட்டும் இல்லை. அது நின்னு போகணும்னுதான் கேஸ்.

— ம்.

— என்ன ம்?

— வராந்தாவைப் பத்தி யோசிச்சேன். டிசம்பர் கூட்டத்தன்னைக்கு டல்சியைக் கட்டி வச்சிருந்ததும் வராந்தாலதானே.

— ...அதையும் நீ எதுக்குக் கூட்டிட்டு வந்த?

— பின்ன என்னய்யா? மெத்தடிஸ்ட் சர்ச் வாசல்ல கிறிஸ்துமஸ் குடில். நிஜ ஆடு, நிஜக் கழுதை, அங்கிக்கு அடியில பேன்ட் தெரியற மூணு ஞானி வேஷக்காரங்க. நடுவுல ஐஸ் மழை பிடிச்சுக்கிச்சு. மரக்கிளை எல்லாம் கண்ணாடி மாதிரி உடைஞ்சு விழுது. மூணு ஞானிகளும் அவங்கவங்க காரைக் கிளப்பிட்டுப் போயிட்டாங்க. கழுதையை யாரு கூட்டிட்டுப் போறது? எதுத்தாப்பல டவுன் ஹால் கதவு திறந்திருந்தது. சர்ச்சுல இருந்து அரசாங்கத்துக்குள்ள நேரா நடந்து போன முதல் கழுதைன்னு எழுதிக்கோ.

— முதல் கழுதைன்னு சொல்ல முடியாது.

— ஹஹ்ஹா! பார்த்தியா, உனக்கும் நாக்குல விஷம் இருக்கு. கழுதை கெட்டா குட்டிச்சுவர், நம்ம ஊர் கெட்டா கவுன்சில். சரி, அன்னைக்கு யாரோட முறை?

— டாக்டர் ரோஸ்னர். பல் டாக்டர். யூத முறைப்படி ஜெபம் பண்றதா இருந்தது.

— அவர் எங்க இருந்தாரு?

— அந்தக் கரையில.

— ஏன் வரலை?

— ...பாலம் மூடியிருந்தது.

— பாலத்தைத் திறக்க ஓட்டுப் போடணும். ஓட்டுப் போட ஜெபம் பண்ணணும். ஜெபம் பண்ண வர்றவர் பாலத்துக்கு அந்தப் பக்கம். சுத்து ரோட்டுல வந்து கார் பள்ளத்துல இறங்கி, போன்ல கெஞ்சறாரு மனுஷன். பரலோகத்துல இதைப் பார்த்துட்டு யாரோ வயித்தைப் பிடிச்சுட்டுச் சிரிச்சிருப்பாங்க.

— அங்க யாரும் இல்லை.

— இருந்தா சிரிச்சிருப்பாங்க. சரி, அப்புறம் மேயரம்மா எழுந்து என்ன கேட்டாங்க?

— "உங்கள்ல யாராவது பண்ணுங்க. யாரா இருந்தாலும் சரி"ன்னாங்க.

— யாரு பண்ணா?

— யாரும் பண்ணலை. கவுன்சிலர் கிளைட் ரேபர் வாயைத் திறந்தாரு, மெத்தடிஸ்ட் கவுன்சிலரம்மா கோட்டை எடுத்தாங்க. அந்த அம்மா வாயைத் திறந்தாங்க, கிளைட் கோட்டை எடுத்தாரு. போதகருங்க யாரும் வரவே இல்லை. சாத்தான் நின்ன இடத்துல நிக்க மாட்டோம்னு சொல்லி அனுப்பிட்டாங்க. மேயர் அழற மாதிரி ஆயிட்டாங்க. எல்லாருக்கும் பாலம் வேணும், ஆர்வில். அங்க இருந்த அத்தனை பேருக்கும் பாலம் வேணும். கிளைடோட அம்மாவே அந்தக் கரையிலதான் இருக்காங்க. ஒருத்தராலயும் வாயைத் திறக்க முடியலை.

— உன்னாலயும்.

— என்னாலயும். நான் எப்படி? நான் கேஸ் போட்டவன்.

— அப்ப கரண்ட் போச்சு.

— போச்சு.

— ஒரே இருட்டு. ஆத்துக்கு அந்தக் கரையும் இருட்டு. வராந்தால நானும் டல்சியும். என்னைப் பார்த்தா, "இவங்க பண்ண மாட்டாங்க போலருக்கே ஆர்வில்"னு கேட்கற மாதிரி இருந்துச்சு. தொண்டையைச் செருமினா. கேட்டுக்கோ, செருமினா! அப்புறம் தூக்கினா பாரு ஒரு ராகம். மேல போகுது, கீழ வருது, நடுவுல ஒரு விக்கல், மறுபடி மேல போகுது. ஐரின் ஆர்கன்ல எல்லாக் கட்டையையும் ஒண்ணா அழுத்தின மாதிரி. எங்க சர்ச் ஜெபம் அதுல இருந்துச்சு, யூத ஜெபம் இருந்துச்சு, பிஸ்கட் பையன் ஜெபமும் இருந்துச்சு. பசிக்குது, குளிருது, இங்க கட்டிப் போட்டுட்டீங்களே, யாராவது வாங்களேன்னு. அதைவிட ஜெபம்னா வேற என்ன?

— ...

— அது முடிஞ்சதும் ஒரு அமைதி. அந்த அமைதில, இருட்டுல, ஒரு ஆமென். சின்னதா. மேயரம்மா டொக்குன்னு சுத்தியலைத் தட்டினாங்க. "ஜெபமாச்சு, கூட்டம் கூடியது"ன்னாங்க. டார்ச் வெளிச்சத்துல ஓட்டுப் போட்டாங்க. பாலம் பாஸ்! கிளைட் மட்டும் வேண்டாம்னு கையைத் தூக்கினாரு.

— கிளைட் பண்ணினது நியாயம். அவர் ஜெபத்தை நம்பறவர். கழுதை கத்தறதை ஜெபம்னு சொன்னா அவருக்கு வலிக்காதா? நம்பாத எனக்கே அது கேலியாத்தான் பட்டது.

— அதான் அந்தக் கரைக் கோர்ட் ஜட்ஜ்கிட்ட போயிட்டாரு, கூட்டமே செல்லாதுன்னு. ஜென்மத்துல முதல் தடவையா நீயும் கிளைடும் ஒரே பக்கம்! ஜட்ஜ் நல்ல மனுஷன். "யாரு ஜெபத்தை நடத்தினாங்கன்னு அளந்து பார்க்க எனக்கு அதிகாரம் இல்லை. ஒரு மனுஷ ஜீவன் அதுக்கு ஆமென் சொல்லிருந்தா எனக்கு அது ஜெபம். பாலத்து ஓட்டு செல்லும். ஒருத்தரும் சொல்லலைன்னா செல்லாது"ன்னுட்டாரு. இப்ப ஹால்ல இருந்த ஒவ்வொருத்தரா வந்து, "ஐயோ நான் சொல்லலை, கழுதைக்குப் போய் சொல்வேனா"ன்னு சத்தியம் பண்ணிட்டுப் போறாங்க. எங்க சர்ச்சுக்காரங்க என்ன நினைப்பாங்களோன்னு அவங்கவங்களுக்குப் பயம். மிச்சம் நீ ஒருத்தன்தான்.

— நீயும் போன வாரம் சாட்சி சொன்னியே.

— சொன்னேன்.

— என்ன சொன்ன?

— கழுதையே ஆமென் சொல்லுச்சுன்னு சொன்னேன்.

— கோர்ட்டே சிரிச்சுதாமே.

— சிரிச்சுது. எழுத்தரம்மா சிரிச்ச சிரிப்புல மூக்குக் கண்ணாடி கழண்டு விழுந்துச்சு. ஜட்ஜ் என்னைப் பார்த்து, "ஸ்டட்ஸ், போன கோடையில பஸ் நீளத்துக்கு மீன் பிடிச்சேன்னு பேப்பர்காரன்கிட்ட சொன்னது நீங்கதானே"ன்னாரு. அவ்வளவுதான். நான் சொன்னது மொத்தமும் தள்ளுபடி.

— முட்டாளா நீ? கழுதை கத்துச்சு, யாரோ ஒரு மனுஷன் ஆமென் சொன்னான், ஆள் தெரியலைன்னு உண்மையைச் சொல்லியிருந்தா ஜட்ஜ் எடுத்திருப்பாரே! வாழ்க்கையில ஒரே ஒரு நாளாவது அளக்காம இருக்க முடியாதா உன்னால?

— ஆள் தெரியலைன்னு சொன்னா அது பொய்யாயிடுமே, வாத்தியாரே.

— ...என்ன?

— வராந்தாக் கதவு திறந்துதான் இருந்துச்சு. கதவை ஒட்டி, கடைசி வரிசையில ஒரு நாற்காலி. வருஷக் கணக்கா யாரு அதுல உட்கார்றான்னு ஊருக்கே தெரியும். ஜெபம்னா சட்டுனு எழுந்து வெளிய போக வசதியா இருக்கும்னு அங்க உட்காருவான். ...டல்சிக்கு மேல் கோர்ட்டுல கேஸ் எதுவும் இல்லை. அதான் அவ மேல போட்டேன்.

— வண்டியை நிறுத்து.

— இங்க நிறுத்தினா வழுக்கும்.

— நிறுத்துன்னா நிறுத்து!

— நிறுத்திட்டேன். இறங்கப் போறியா? வெளிய சோளக் காடும் பனியும்தான் இருக்கு.

— ...இறங்கி எங்க போறது.

— அதான் நானும் கேட்டேன்.

— சிகாகோ வக்கீல் என்ன சொன்னான் தெரியுமா? "மிஸ்டர் க்ரூகர், அந்த ஹால்ல நடக்கற ஜெபம் உங்களைப் புண்படுத்துதுங்கறதுதான் நம்ம கேஸ். நீங்க அதுல சும்மா உதட்டை அசைச்சீங்கன்னுகூட யாரும் சொல்லிடக் கூடாது. சொன்னா கேஸ் முடிஞ்சுது"ன்னான். புரியுதா? என் கேஸ் மட்டும் இல்லை. இதே மாதிரி இன்னும் நாலஞ்சு ஊர்க்காரங்க மேல் கோர்ட் என் கேஸ்ல என்ன சொல்லப் போகுதுன்னு காத்துட்டிருக்காங்க. அவங்க பிள்ளைங்க வராந்தால நிக்குது.

— புரியுது.

— பாலம் வேணும்னா அவங்களை நான் வித்துடணும். அவங்க வேணும்னா ஐரினை அந்தக் கரையிலயே விட்டுடணும். ஒரு வார்த்தை. அதைச் சொன்னேன்னாலும் தப்பு, சொல்லலைன்னாலும் தப்பு.

— நான் உன்னை ஒண்ணும் கேட்கலையே, வெண்டல்.

— கேட்காம நாப்பது மைல் பேசிட்டு வர.

— அது என் வியாதி.

— கிளப்பு. லேட்டாயிடும்.

— கிளப்பறேன். பார்த்துக்கோ, இந்த இடத்துல ஒரு தடவை மான் ஒண்ணு குறுக்க வந்துச்சு, யானை உயரம்...

— ஆர்வில்.

— சரி. சின்ன மான்தான்.

— ...

— வந்தாச்சு. படியில ஐஸ் இருக்கு, என் தோளைப் பிடிச்சுக்கோ. பிடிச்சுக்கோய்யா, உன் கொள்கை ஒண்ணும் கெட்டுடாது. மேல பாரு, காப்பகம் ரெண்டாவது மாடி. ஐரினோட ஜன்னல்தானே அது?

— அதுதான். எனக்கு மங்கலாத்தான் தெரியுது. இருக்காளா?

— இருக்கா. நீலக் கம்பளி போத்திருக்கா. நம்ம பாலத்தைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கா. இந்தப் பக்கம் பார்க்கலை.

— கூப்பிடாதே.

— கூப்பிடலை. வா, உள்ள போலாம்.

— க்ரூகர் சார்! என்னை ஞாபகம் இருக்கா? கெய்லா. தவளையை அறுக்கச் சொன்னப்ப அழுதேனே, அந்தக் கெய்லா. இப்ப இங்க கோர்ட் சேவகியா இருக்கேன்.

— ஞாபகம் இருக்கும்மா. நீ அறுக்க மாட்டேன்னு நின்ன. நான் விட்டுட்டேன்.

— ஆமா சார். மத்த எல்லாரும் அறுத்தாங்க. என்னை மட்டும் வெளிய அனுப்பாம ஜன்னல் பக்கம் உட்கார வச்சு படம் வரையச் சொன்னீங்க. ...ஹலோ ஸ்டட்ஸ். கழுதை வரலையா இன்னைக்கு?

— அவளுக்கு ஊரெல்லாம் புகழ் வந்துடுச்சு. சம்மன் அனுப்பினாத்தான் வருவா.

— சிரிக்க வைக்காதீங்க, ஜட்ஜ் திட்டுவாரு. சார், அடுத்தது நீங்கதான். கிளைட் ரேபர் உள்ள உட்கார்ந்திருக்காரு. உங்க பேர்தான் கடைசி. நீங்களும் எதுவும் கேட்கலைன்னு சொல்லிட்டா இன்னைக்கே தீர்ப்பு சொல்லிடுவாரு போல. ஒண்ணு மட்டும் முன்னாடியே கேட்டு வைக்கணும்: பைபிள் மேல கை வச்சுச் சத்தியமா, இல்ல வெறும் உறுதிமொழியா?

— வெறும் உறுதிமொழி. எப்பவும் போல.

— சரி சார். கோட்டைக் கொடுங்க, இந்தக் கொக்கில மாட்டிடறேன். கூப்பிடற வரைக்கும் இப்படி வராந்தாலயே நில்லுங்க.

— ...

— வாத்தியாரே, முகம் வெளுத்துப் போச்சு. தண்ணி வேணுமா? இங்க பாரு, நீ உள்ள போய் என்ன சொன்னாலும் திரும்பிப் போறப்ப வண்டி ஓட்டறது நான்தான். அடுத்த வாரமும் நான்தான். நாப்பது மைல் என்ன, நானூறு மைல்னாலும் சரி. கதை தீரவே தீராது என்கிட்ட.

— ஐரின்கிட்ட நீ போய் அளந்து விடாதே. நானே சொல்லிக்கறேன்.

— என்னத்தை?

— அன்னைக்கு விளக்கு அணைஞ்சு போச்சு, ஆர்வில். அணையறதுக்கு முன்னாடி வர்ற ஆமென்னை யாரும் சொல்லலை.

— சார், கூப்பிடறாங்க. வாங்க.

— வரேம்மா. ...உள்ள போய் இதைத்தான் சொல்லப் போறேன், ஆர்வில்: கூட்டம் நடந்துச்சு. உன் கழுதை ஜெபம் பண்ணுச்சு. ஆமென் சொன்னது நான்.